மனநல வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஏழு வருடமாக அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். முதலில் மெடிக்கல் வார்டு, பிறகு ஐ.சி.யூ. இரண்டு மாதங்களுக்கு முன் மனநலப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "அங்கே என்ன வேலை, மாத்திரை கொடுத்துட்டு உட்கார்ந்துட்டு வா" என்று தோழிகள் சொல்கிறார்கள். அம்மாவோ தினமும் பயந்துகொண்டேதான் அனுப்புகிறார். எனக்கு இங்கே எதைப் பார்க்க வேண்டும் என்றே பிடிபடவில்லை. சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று ஒரு நோயாளி சொன்னார். நானே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினேன், அப்போதும் நம்பவில்லை. மனநல நர்சிங்கில் போஸ்ட் பேசிக் டிப்ளமோ படிக்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் அடிப்படையாக எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

– ஒரு ஸ்டாஃப் நர்ஸ், தென் மாவட்டம்

பதில்: அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் தோழிகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மாத்திரை கொடுத்துவிட்டு உட்கார்ந்தே எட்டு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். அப்படி ஓட்டுகிறவர்களும் உண்டு. இங்கே மானிட்டர் கத்தாது. நீங்கள் பார்க்காமல் விட்டது என்னவென்று அடுத்த டியூட்டி வரை, சில நேரம் அடுத்த வாரம் வரை, யாருக்கும் தெரியாது. ஐ.சி.யூ.வை விட இது கஷ்டமான வார்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

மனநல நர்ஸ் என்றால் இனிமையாகப் பேசத் தெரிந்தவர் என்று ஓர் எண்ணம் பரவிக் கிடக்கிறது. பேச்சு வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது: ஒன்றை இன்னொன்றாக நினைத்து ஏமாந்துவிடாத கண். இந்த வார்டில் நடக்கும் பெரிய தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. உடம்பு நோயை மனநோய் என்று நினைத்துவிடுகிறோம். மருந்தின் பக்க விளைவை நோயாளியின் முரண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் அமைதியாகிவிட்டால் குணமாகிவிட்டார் என்று முடிவு கட்டுகிறோம்.

ஓர் உதாரணம். கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்தவர். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தார். மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், போர்வையைப் பிய்க்கிறார், டிரிப்பைப் பிடுங்குகிறார். "புத்தி பேதலிச்சுப் போச்சு, சைக்கியாட்ரிக்கு அனுப்புங்க" என்று உங்களிடம் தள்ளிவிடுகிறார்கள். உங்களுடைய முதல் கேள்வி "கடைசியாக எப்போது குடித்தார்?" என்பதாக இருக்க வேண்டும். குடியை நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கமும் வியர்வையும் வரலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இந்தக் குழப்பமும் பூச்சி தெரிவதும் பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரத்தில் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். இன்னொன்று, "எவ்வளவு குடிப்பார்" என்று கேட்டால் வீட்டுக்காரம்மா "கொஞ்சம்தான்" என்பார். குவாட்டர் கணக்கில் கேளுங்கள், பதில் வரும். 180 மில்லி குவாட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் ஆல்கஹால், அதாவது 10 கிராம் யூனிட் கணக்கில் ஆறு யூனிட். தினம் இரண்டு குவாட்டர் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். இவருக்கு குளுக்கோஸ் டிரிப் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) போயிருக்கிறதா என்று பாருங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரக்கூடும்.

குடிப்பழக்கமே இல்லாதவருக்கும் இது போன்ற குழப்பம் வரும்: சோடியம் குறைந்தால், சர்க்கரை இறங்கினால், வயதானவருக்கு சிறுநீரில் கிருமித் தொற்று வந்தால். திடீரென்று தொடங்கியதா, பகலில் தெளிந்து சாயங்காலம் கூடுகிறதா, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, இன்று என்ன கிழமை என்று தெரியவில்லையா? இவற்றுக்கெல்லாம் ஆமாம் என்றால் முதலில் டெலிரியம், அதாவது உடம்புக் கோளாறால் வரும் திடீர்க் குழப்பம் என்றே நினையுங்கள். சைக்கோசிஸ் என்ற தீவிர மனநோயில் பெரும்பாலும் காதில் குரல் கேட்கும், கிழமையும் இடமும் தெளிவாகத் தெரியும். எந்தப் புது அட்மிஷனுக்கும் பி.பி., பல்ஸ், டெம்பரேச்சர், சர்க்கரை நான்கையும் நீங்களே பாருங்கள். ஐ.சி.யூ.வில் பழகிய கை அது, இந்த வார்டில் மறந்துவிடாதீர்கள்.

அடுத்து மருந்துகள். பெயர்களை மனப்பாடம் செய்வதில் பெரிய லாபமில்லை. ஒவ்வொரு மருந்தும் ஆளை எப்படி மாற்றிக் காட்டும் என்று தெரிந்தால் போதும்.

சைக்கோசிஸுக்குக் கொடுக்கும் ஹேலோபெரிடால் ஊசி போட்ட முதல் சில நாட்களில் இளைஞன் ஒருவனின் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே சொருகிவிடும், நாக்கு தடிக்கும். கூட இருக்கும் பாட்டி பேய் பிடித்துவிட்டது என்று திருநீறு பூசுவார். அது டிஸ்டோனியா. டாக்டரைக் கூப்பிட்டு ப்ரோமெதசின் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ஊரே கூடிப் பார்க்கிற மாதிரி இருப்பதால் இதை யாரும் தவறவிடுவதில்லை.

தவறிப்போவது அகதீஷியா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அனுபவமுள்ளவர்களே இதில் சறுக்குகிறார்கள். மருந்து தொடங்கியதிலிருந்து ஒருவர் வராந்தாவில் போவதும் வருவதுமாக இருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, நின்றால் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றி நிற்கிறார். மூன்று முறை உட்காரச் சொன்னபின் எரிந்து விழுகிறார். கேஸ் ஷீட்டில் "ஆக்ரோஷமாக இருக்கிறார்" என்று ஒரு வரி ஏறுகிறது. அதைப் படித்துவிட்டு இரவு டாக்டர் ஹேலோபெரிடாலைக் கூட்டுகிறார். மறுநாள் இன்னும் மோசம். ஒரே ஒரு கேள்வி இந்தச் சுற்றை உடைத்துவிடும்: "உங்களுக்குக் கோபமா, இல்லை கால் குடைஞ்சு உட்கார முடியலையா?" அகதீஷியா உள்ளவர் முகம் மாறி, "ஆமா சிஸ்டர், உள்ளேயிருந்து யாரோ தள்ளுற மாதிரி இருக்கு" என்பார். டாக்டர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், ப்ரோப்ரனலால் சேர்க்கலாம். அந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வகை மருந்து சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும், உடம்பு கட்டை போல விறைப்பதும், வியர்வையும், குழப்பமும் சேர்ந்து வந்தால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் விஷயமல்ல அது. இதே வகையைச் சேர்ந்த க்ளோஸபின் சாப்பிடுபவருக்குத் தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் வெள்ளையணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை செய்வது அதற்காகத்தான். மலச்சிக்கலையும் கேளுங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் க்ளோஸபினில் குடல் அடைத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் நம் ஊர் வெயிலுக்கு ஆகாத மருந்து. நல்ல அளவுக்கும் விஷ அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு: ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை சரி, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. அக்னி நட்சத்திரத்தில் வேர்த்துக் கொட்டினாலோ, வாந்திபேதி வந்தாலோ, பி.பி. என்று சொல்லி உப்பைத் திடீரென்று குறைத்தாலோ அளவு ஏறிவிடும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் ஏற்றிவிடும். கை பெரிதாக நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் மாத்திரையை நிறுத்தி வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். குடித்திருக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரத்தம் எடுப்பது கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து. காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு எடுத்த ரிப்போர்ட்டால் யாருக்கும் பயனில்லை.

சரி, உங்கள் விஷச் சாப்பாட்டுக்கு வருவோம். நீங்கள் சாப்பிட்டுக் காட்டியது அன்பினால்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் கணக்கில் அதற்கும் விடை இருக்கிறது: "சிஸ்டருக்கு மாற்று மருந்து தெரியும்" அல்லது "அந்த மூலையில் மட்டும் விஷம் இல்லை". சந்தேகத்தை ஆதாரம் காட்டிக் கரைக்க முடியாது. வாதாடினால் நீங்களும் எதிரிப் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள். அதற்காக "ஆமாம், விஷம்தான்" என்று ஒத்துக்கொள்ளவும் கூடாது. "எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்பது புரிகிறது. பயத்தோடு யாராலும் சாப்பிட முடியாது. எதைச் சாப்பிட்டால் உங்களுக்குப் பரவாயில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். தோல் உரிக்காத வாழைப்பழம், ஓட்டோடு அவித்த முட்டை, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் போன்றவற்றை வாங்கிக்கொள்வார். எல்லோருக்கும் பரிமாறும் அதே பாத்திரத்திலிருந்து அவரே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். சாப்பிட்டாரா, எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எடை என்ன என்பதை எழுதி வையுங்கள். மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகலாம், அதுவரை உடம்பு தாங்க வேண்டும்.

இதோடு இன்னொன்று. மாத்திரையைப் பொடித்துக் காப்பியிலும் சாம்பாரிலும் கலந்து கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது வீட்டில் உண்மையிலேயே கலந்திருக்கலாம்! குடும்பத்தாரிடம் தனியாக, குற்றம் சாட்டாமல் விசாரியுங்கள். வார்டில் அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று 1952-லேயே எழுதியவர் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க நர்ஸ். டிப்ளமோவில் அவரைக் கட்டாயம் படிப்பீர்கள். அந்த உறவுக்குத் தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு என்பது அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது. நம் ஊரில் "மகளே" என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளும் நோயாளியிடம் அந்த முடிவைச் சொல்வது கஷ்டம். அம்மா, ஐயா, அண்ணா என்று கூப்பிடுங்கள், தவறில்லை. சொந்த ஃபோன் நம்பர் மட்டும் வேண்டாம். வெளியே போன பிறகு யாரைக் கூப்பிடலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். நாற்பது வயது மனிதரை "டேய், இங்க வாடா" என்று கூப்பிடும் வார்டுகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் வார்டு அப்படி இருந்தால் மாற்றுவது நீங்களாக இருங்கள்.

தற்கொலையைப் பற்றி. "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று வாய்விட்டுக் கேட்க எல்லோரும் தயங்குகிறார்கள், கேட்டால் எண்ணம் வந்துவிடுமோ என்று. வராது. பெரும்பாலும் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல அழுதுவிடுவார்கள். தோன்றுகிறது என்றால் எப்படி என்று யோசித்தாரா, கையில் ஏதாவது வைத்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று படிப்படியாகக் கேட்டு, அந்த நிமிடமே டாக்டரிடம் சொல்லுங்கள், எழுதியும் வையுங்கள். முற்றிலும் சோர்ந்து கிடந்தவர் மருந்து பிடித்து எழுந்து நடமாடத் தொடங்கும் நாட்கள்தான் எனக்கு அதிகம் பயம் தருபவை. மனபாரம் இறங்கும் முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும். நேற்று வரை அழுதவர் இன்று திடீரென்று நிம்மதியாகி, வாட்ச்சைக் கழற்றிப் பக்கத்து பெட்காரருக்குக் கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களும் ஆபத்தானவை. மாத மாத்திரை மொத்தத்தையும் அவர் கையில் கொடுக்காமல் வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள்.

நீங்கள் பார்த்ததெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறாவிட்டால் பார்க்காததற்குச் சமம். "பதற்றமாக இருந்தார்", "ஒத்துழைக்கவில்லை" என்பவை உங்கள் தீர்ப்புகள். "இரவு 2 மணிக்கு எழுந்தார், 40 நிமிடம் வராந்தாவில் நடந்தார், மேலே பார்த்து 'நான் வரமாட்டேன்' என்று மூன்று முறை சொன்னார், கேட்டதற்குத் தம்பி கூப்பிடுகிறான் என்றார்" என்பது தகவல். தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, எண்ணங்கள், குரல்கள், நினைவாற்றல், தனக்கு நோய் என்ற புரிதல் என்று மனநிலைப் பரிசோதனைக்கு வரிசை உண்டு. அதைப் பாடமாகப் படிப்பதைவிட ஒரு வாரம் ஒரே நோயாளியைத் தினமும் அந்த வரிசையில் எழுதிப் பாருங்கள். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். "உடம்பெல்லாம் எரியுது", "நெஞ்சு படபடங்குது", "சாமி வருது" என்றால் அப்படியே. சாமி வருவது எல்லாமே நோயுமல்ல. கோயில் கொடையில் வந்து, முடிந்ததும் இறங்கிவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு உங்கள் வார்டில் இடமில்லை.

அதேபோல நோயாளி உங்களிடம் வருமுன், மனநோய் தீரும் என்று நம்பிப் போகும் குணசீலம் கோயிலிலோ ஏர்வாடி தர்காவிலோ தங்கிவிட்டு வந்திருக்கலாம். முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள். எத்தனை மாதம் மருந்தில்லாமல் இருந்தார் என்பது அங்கேதான் தெரியவரும்.

ஏர்வாடி என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைத்திருந்ததால் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டு 28 பேர் இறந்தார்கள். இன்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் இருப்பது, சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. கட்டிவைப்பது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு ஒரு நிமிடமும் கூடாமல். ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்று பதிவு வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இந்த ஒரு வரியை நைட் டியூட்டிக்கு ஆள் கேட்டு எழுதும் கடிதத்தில் நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். பேன் இருக்கிறது என்று கட்டாயமாக மொட்டை அடிப்பதும் இதே சட்டத்தில் தடை. சொந்த உடை கேட்டால் கொடுக்க வேண்டும். சட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தோடு நிறுத்தாமல் முழுப் பிரதியையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு: மனநோயுள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அடிக்கக்கூடியவரும் பெரும்பாலும் முன்னாலேயே காட்டிவிடுவார். குரல் ஏறும், கை முஷ்டி இறுகும், பார்வை உங்கள் மேல் நிலைக்கும். அப்போது இரண்டு கை தூரம் தள்ளி, சற்றே பக்கவாட்டில் நில்லுங்கள். கதவு உங்கள் எட்டில் இருக்கட்டும், ஆனால் அவர் வெளியேறும் வழியை மறிக்காதீர்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும், மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியங்களில். ஸ்டெதாஸ்கோப், ஐ.டி. கார்டு கயிறு எதுவும் கழுத்தில் தொங்கக் கூடாது. இதை அம்மாவிடமும் சொல்லுங்கள், நீங்கள் தெரிந்துதான் போகிறீர்கள் என்று தெரிந்தால் கொஞ்சம் தூங்குவார்.

படிப்பு: படியுங்கள். போஸ்ட் பேசிக் டிப்ளமோ ஒரு வருடம், அதில் பெரும்பகுதி வார்டு வேலை. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம், அசாமின் தேஜ்பூர் மனநல நிறுவனம் என்று பழைய, பெரிய இடங்களில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். இத்தனை வகை நோயாளிகளை மாவட்ட மருத்துவமனையில் பார்க்க முடியாது. ஆசிரியர் பணி எண்ணமிருந்தால் எம்.எஸ்சி. இரண்டு வருடம். விண்ணப்பிக்குமுன் உங்கள் அலுவலகத்தில் பணிக்கால ஒதுக்கீடும் சம்பளமும் எப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி கிளம்பியவர்கள் திரும்பி வந்து அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதுவரை ஒரு காரியம் செய்யலாம். உங்கள் மருத்துவமனையில் ஈ.சி.டி. (மின் அதிர்வுச் சிகிச்சை) நடக்கும் நாட்களில் ரெகவரி அறை டியூட்டியைக் கேட்டு வாங்குங்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் ஈ.சி.டி. கொடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால் மூச்சுப் பாதை, ஒருக்களித்துப் படுக்கவைப்பது, சாச்சுரேஷன், கண் விழித்ததும் "நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, ட்ரீட்மென்ட் முடிஞ்சுது" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்வது எல்லாம் அங்கே வேண்டும். பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், இன்சார்ஜ் சிஸ்டர் மறுக்க மாட்டார்.